நிதி நெருக்கடிக்குப் பிறகு வரும் அரசு அறிவிப்பைப் படிக்கும் முறை

தலைப்பில் இருக்கும் பெரிய தொகையை முதலில் விட்டுவிடுங்கள். இழப்பு யார் தலையில் விழுகிறது என்று தேடுங்கள். என் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். 2008 செப்டம்பரில் அயர்லாந்து அரசு தன் பெரிய வங்கிகளின் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது. வங்கிகளின் இழப்பு அரசின் கடனாக மாறியது. 2010-இல் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டம் தேவைப்பட்டது.

அப்புறம் வட்டி விகிதம். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் மேலும் குறைக்க இடமில்லை; மத்திய வங்கியின் கை கட்டப்பட்டுவிடும். 2008 டிசம்பரில் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. அப்போது அரசின் செலவுதான் பாரத்தைச் சுமக்க வேண்டும்.

இனி முக்கியமான இடம்: சிக்கனம், அதாவது அரசு செலவை வெட்டுவது, எப்போது தொடங்குகிறது? கடன் விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே கடன், கீழே நாட்டின் உற்பத்தி. செலவை அவசரமாக வெட்டினால் கீழே உள்ளது சுருங்கி, விகிதம் ஏறக்கூடும். அப்படிச் செலவை வெட்டிய கிரீஸில் பொருளாதாரம் ஏறத்தாழ கால்பங்கு சுருங்கியது. 2013-இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த இளைஞர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆகவே வெட்டுகளின் தேதியை வேலைவாய்ப்புக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, எல்லைக்கு வெளியேயும் பாருங்கள். 2013-இல், சந்தையில் பணத்தை இறக்கத் தான் செய்துவந்த பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மத்திய வங்கி சொன்னதுமே இந்திய ரூபாயும் இந்தோனேசிய ரூபியாவும் சரிந்தன. உங்கள் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பையும் விரைவில் திருப்பித் தரவேண்டிய குறுகியகால வெளிக்கடனையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.