வீட்டில் நாள்பட்ட நோயாளி இருக்கும் மாணவர்கள் கல்லூரி உதவித்தொகை பெறுவது எப்படி?

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய ஆண்டில்தான் தங்கை கல்லூரியில் சேர்ந்தாள். அவளுக்காக விண்ணப்பித்தபோது அறிந்தவற்றை, அதே நிலையில் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். பெரும்பாலான அரசுத் திட்டங்கள் பெற்றோரின் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. வருமானம், மதிப்பெண் போன்றவற்றையே கேட்கின்றன. ஆகவே, நோயால் வருமானம் குறைந்துபோனதை ஆவணத்தில் காட்டுவதே முதல் வேலை.

முதல் படி, வருமானச் சான்றிதழ். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது, டிஸ்சார்ஜ் சம்மரி, டயாலிசிஸ் பதிவு அட்டை, வேலையை விட்டதற்கான கடிதம் ஆகியவற்றை நேரில் காட்டி, இப்போதைய வருமானம் என்ன என்பதை எடுத்துச் சொல்லுங்கள். நோய்க்கு முந்தைய சம்பளமே சான்றிதழில் ஏறிவிட்டால், தகுதியுள்ள பிள்ளையும் வரம்புக்கு வெளியே போய்விடும்.

இரண்டாம் படி, திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இளநிலைப் பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவருக்கு இது கிடைக்காது என்பதால், எது அதிகம் என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. குடும்ப நெருக்கடியையே காரணமாக ஏற்கும் தனியார் உதவிகளில் எச்டிஎஃப்சி வங்கியின் பரிவர்த்தன் உதவித்தொகை ஒன்று. அதற்கு, சிகிச்சை எப்போது தொடங்கியது, எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தரும் கடிதம் மிகவும் பயன்படும்.

மூன்றாம் படி, வங்கிக் கணக்கு. எங்களை நெடுநாள் நிறுத்தி வைத்தது இதுதான். கணக்கில் ஆதார் எண் சேர்ந்திருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் நேரடியாக வந்து சேரும் கணக்காக அதே கணக்கு என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையேயான பணப்பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பதிவில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால், பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய எண்ணைப் பார்த்து வராது. மைஆதார் தளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்ற பகுதியில், எந்த வங்கி இணைந்திருக்கிறது, அது செயலில் உள்ளதா என்பதைப் பார்த்துவிடலாம். பள்ளி நாளில் சிறார் கணக்காகத் தொடங்கியிருந்தால், 18 வயதானதும் ஆவணங்களைப் புதிதாகக் கொடுத்து அதை மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அஞ்சலக வங்கியையே சொல்வேன். பெரும்பாலும் வீட்டுக்கு அருகிலேயே இருக்கும், இணைப்பையும் அங்கேயே முடித்துத் தருவார்கள்.

நான்காம் படி, விண்ணப்பம். மத்திய அரசுத் திட்டத்துக்கு தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒருமுறைப் பதிவு எண் பெற வேண்டும். மாநிலத் திட்டங்களுக்குக் கல்லூரி தரும் யுமிஸ் எண் (உயர்கல்வி மாணவர்களுக்கான மாநில அரசுத் தளத்தின் பதிவு எண்) தேவை. முடிந்தவரை மாணவரே தம் கைப்பேசி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யட்டும். மையத்தில் வேறொருவர் எண்ணைக் கொடுத்துவிட்டால், பிறகு ஓடிபி கிடைக்காமல் திண்டாட நேரும். விண்ணப்பத்தை அனுப்பிய பின் கல்லூரி சரிபார்த்தால்தான் அது மேலே நகரும். எனவே உதவித்தொகைப் பிரிவுக்குச் சென்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

பின்னர்ச் சேர்த்தது: புதுப்பித்தலின்போது உதவித்தொகை நின்றுபோனது ஏன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். மத்திய உதவித்தொகையைப் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸுக்குத் துணைபோகும் பிள்ளைக்கு வருகைப்பதிவுதான் முதலில் குறையும். டயாலிசிஸ் பிரிவில் நிலைமையைச் சொல்லி, வகுப்பு இல்லாத நேரத்து ஷிஃப்டைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், துணைபோன நாளுக்கெல்லாம் மருத்துவமனைச் சீட்டை வாங்கி, பருவம் முடியும் வரை காத்திராமல் அந்தந்த மாதமே துறைத்தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.