பட்டை கிராம்பு வாசனை பெர்ஃப்யூம் போடுறது எப்படி

கடைல ஒரு அட்டைல அடிச்சுக் குடுப்பாங்க, மோந்து பாத்த உடனே "அய்யோ இது மசாலா டப்பா மாதிரில்ல இருக்கு"ன்னு வச்சுட்டு வந்துடுவோம். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். இந்த மாதிரி சென்ட்டை அஞ்சு நிமிஷத்துல எடை போடவே கூடாதுங்க. கைல அடிச்சுக்கிட்டு கடைய விட்டு வெளிய வாங்க, ஒரு டீ குடிங்க, ஒரு மணி நேரம் கழிச்சு மோந்து பாருங்க.

ஏன்னா முதல்ல எழும்புறது மிளகு, ஏலக்காய், ஆரஞ்சு மாதிரி லேசான சமாச்சாரம், அது சீக்கிரம் பறந்துடும். அப்புறம் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். கடைசியா தோலோட ஒட்டிக்கிட்டு நிக்கறதுதான் ஆம்பர். ஆம்பர்னா பெரும்பாலும் ஒரே பொருள் இல்ல, லேப்டனம்னு ஒரு பிசின், வெனிலா, பென்சாயின் எல்லாம் சேர்த்த கலவை. பென்சாயின் வேற எதுவும் இல்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தணல்ல போடுறோமே, அந்த சாம்பிராணிதான்! அது தெரிஞ்சப்புறம் எனக்கு இந்த வாசனை மேல தனிப் பாசமே வந்துடுச்சு.

இவ் சாங் லோரானோட ஓப்பியம் (1977), விக்டர் அண்ட் ரோல்ஃபோட ஸ்பைஸ்பாம் (2012) ரெண்டும் இந்த வகைதான். ஆல்கஹால் வேணாம்னா உத்தரப் பிரதேசத்துல இருக்கற கன்னோஜ்ல செய்யுற ஷமாமா அத்தர் இருக்கு, நிறைய மசாலாவும் மூலிகையும் போட்டு காய்ச்சுறது, அதுல ஒரு சொட்டு போதும்.

இப்ப போடுற விதம். குளிச்சு நல்லா துடைச்சுட்டு வாசனை இல்லாத லோஷன் கொஞ்சம் தடவிக்கோங்க, வறண்ட தோல்ல சென்ட் நிக்காது. பாட்டில்ல ஓ டி பர்ஃபம்னு (வாசனை கொஞ்சம் அடர்த்தியான வகை) போட்டிருந்தா ரெண்டு ஸ்ப்ரே, நெஞ்சுல சட்டைக்கு உள்ள ஒண்ணு, பின் கழுத்துல ஒண்ணு, அவ்ளோதான். ஓ டி டாய்லெட் கொஞ்சம் லேசு, மூணு வரைக்கும் போகலாம். வலது மணிக்கட்டுல மட்டும் வேணாம், கைல பிசைஞ்சு சாப்பிடறப்ப ரசத்து வாசனையும் இதுவும் கலந்து ரெண்டுமே கெட்டுப் போகுது.

வெயில் விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. சூட்டுல எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பி பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சில அடிக்கும். ஒரு மே மாசம் மத்தியானம் நாலஞ்சு ஸ்ப்ரே அடிச்சுட்டு ஷேர் ஆட்டோல ஏறிட்டேன், பக்கத்துல உக்காந்த அம்மா ஒண்ணும் சொல்லல, முந்தானைய எடுத்து மூக்குல வச்சுக்கிட்டாங்க, இறங்குற வரைக்கும் எடுக்கவே இல்ல. இன்னிக்கு நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு. அதுலேர்ந்து சென்னைல பகல்ல இத தொடுறதில்ல. மழை நாள், மார்கழி ராத்திரி, ஏசி ஹால்ல நடக்குற கல்யாண ரிசப்ஷன், ஊட்டி கொடைக்கானல் ட்ரிப், இதுக்கெல்லாம் இதை விட்டா வேற வாசனை எனக்குத் தோணாது.

அரை மணி நேரத்துல உங்களுக்கே வாசனை வராத மாதிரி இருக்கும், போயிடுச்சுன்னு நெனச்சு மறுபடி அடிக்காதீங்க. உங்க மூக்கு பழகிடுச்சு, மத்தவங்களுக்கு நல்லாவே வரும்.

இன்னொண்ணு, கிராம்புல இருக்கற யூஜினால், பட்டைல இருக்கற சின்னமால் ரெண்டும் சிலருக்கு தோல்ல அலர்ஜி குடுக்கும். புது பாட்டில் வாங்கினா முழங்கை உள்பக்கம் ஒரு துளி போட்டு ரெண்டு நாள் பாருங்க. அரிப்போ சிவப்போ வந்தா தோல்ல போடவே வேணாம், துணில அடிச்சுக்கலாம், ஆனா வெள்ளைத் துணி வேணாம். வெனிலா அதிகமா உள்ள சென்ட் நாளாக நாளாக ப்ரவுனா மாறும், கறை விழுந்தா போறது கஷ்டம். கலர் சட்டையோட வெளிப்பக்கம், தோல்ல படாத இடமா பாத்து அடிச்சுக்கோங்க.