சோப்பில் வண்ணச் சுழல்: நம் ஊர் சூட்டில் கலவை இறுகாமல் ஊற்ற

சுழல் சரியாக விழுவது கலவையின் நெகிழ்வைப் பொறுத்தது. கைத்திறன் அதற்கு அடுத்துதான். கோலாலம்பூரில் பகலில் வீட்டுக்குள்ளேயே 30 பாகையைத் தாண்டும், கலவை சீக்கிரம் இறுகும். ஆகவே நிதானமாக இறுகும் ஆலிவ் எண்ணெயை அதிகம் எடுங்கள்: ஆலிவ் 500 கிராம், செம்பனை 250, தேங்காய் 200, ஆமணக்கு 50. காஸ்டிக் சோடா 138 கிராம், தண்ணீர் 276. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.

எண்ணெய்க் கலவையும் சோடாத் தண்ணீரும் 35 பாகைக்கு வந்ததும் சேருங்கள். ஏர்கோன் அறையில் இன்னும் ஆறவிட்டால் செம்பனையின் கெட்டிக் கொழுப்பு உறைந்து, டிரேஸ், அதாவது கலவை கெட்டியாகத் தொடங்கும் பதம், வந்ததுபோல் ஏமாற்றும்.

வண்ணங்களை முன்கூட்டியே குழைத்து வையுங்கள். 350 கிராம் கலவைக்கு அரைத் தேக்கரண்டி மைகா என்ற மினுக்கும் வண்ணத்தூள், ஒரு தேக்கரண்டி எண்ணெயில். அப்படியே தூவினால் புள்ளி புள்ளியாக நிற்கும். வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்ஸைடு, 700 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி போதும். கூடினால் சோப்புக்குள் கண்ணாடி போன்ற கோடுகள் ஓடும். பலகாரத்துக்கு நீலம் தரும் சங்குப்பூவை நம்பாதீர்கள். காரத்தில் அந்த நீலம் நிற்காது, பழுப்பாகிவிடும். பாண்டான் பச்சையும் அப்படித்தான். நீலத்துக்கு அல்ட்ராமரின், கறுப்புக்குக் கரித்தூள். மஞ்சள்தூள் முதலில் சிவந்து பயமுறுத்தும், பிறகு தெளியும். ஆனால் வெயிலில் வெளுக்கும்.

ஸ்டிக் பிளெண்டரை மூன்று நான்கு விநாடி ஓட்டி, நிறுத்தி, கையால் கிளறுங்கள். எண்ணெய்ப் படலம் மறைந்து, நீர்மோர் பதத்தில் இருக்கும்போதே பிரித்துவிடுங்கள்: 700 கிராம் வெள்ளைக்கு, மீதியைச் சரிபாதியாக இரு வண்ணங்களுக்கு. இனி பிளெண்டரைத் தொடக்கூடாது. நறுமண எண்ணெயைக் கடைசியில் கையால் கலக்குங்கள். லாவெண்டர் சாது, கிராம்பு நொடியில் கட்டியாக்கிவிடும். வெனிலா சுழலையே பழுப்பாக்கும்.

அச்சில் பாதியளவு வெள்ளையை ஊற்றி, வண்ணத்தை ஒரு அடி உயரத்திலிருந்து நூலாக விடுங்கள், அடிவரை பாயும். தாழ்த்தி ஊற்றினால் மேலேயே தங்கும். உயரத்தை மாற்றி மாற்றி, இடையிடையே வெள்ளையும் சேர்த்து நிரப்புங்கள். பிறகு துருப்பிடிக்காத கம்பியை வளைத்து அடிவரை இறக்கி, இரண்டு மூன்று வட்டம், அவ்வளவுதான். ஆசைப்பட்டுத் தொடர்ந்தால் எல்லாம் சாம்பல் நிறமாகும். வண்ணங்கள் கலந்தே போனால் கலவை மெலிது; கட்டியாக விழுந்து இடைவெளி தெரிந்தால் தாமதித்துவிட்டீர்கள். அப்போது கரண்டியால் அடுக்கி, அச்சைத் தரையில் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள்.

நடுப்பகுதி மட்டும் சூடேறினால் வெட்டும்போது கருவளையம் தெரியும். அச்சை முழுதாகத் துண்டால் போர்த்துங்கள், அல்லது குளிர்பெட்டியில் வையுங்கள், அரைகுறை ஆகாது. ஒரு நாள் கழித்துக் குறுக்காக வெட்டி, மின்விசிறிக் காற்றில் நான்கு முதல் ஆறு வாரம் அடுக்காமல் காயவிடுங்கள். மழைக்காலத்தில் சோப்பு வியர்த்தால் அது கிளிசரின் இழுத்த ஈரம்தான்; பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள்.