எந்தக் கணினி, எந்த ஆண்டு, யார் கட்டியது: பிரின்ஸ்டன் கோப்புகளைப் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிரின்ஸ்டன் என்றொரு சிற்றூர். ஐன்ஸ்டைன் தம் கடைசிக் காலம் வரை இருந்த உயராய்வுக் கழகம் அங்கேதான் இருக்கிறது. பேனாவும் கரும்பலகையும் தவிர வேறு கருவி தேவைப்படாத அந்த இடத்தில், 1946இல் பொறியாளர்கள் சிலர் நிலவறையில் மேசை போட்டு உட்கார்ந்து ஒரு கணினியைக் கட்டத் தொடங்கினார்கள். திட்டத்தின் பெயர் ‘எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட்’. தலைமை, கணித மேதை ஜான் வான் நியூமன். கட்டி முடித்த இயந்திரத்தின் நினைவகத்தில் மொத்தம் 1,024 சொற்கள் (கணினி ஒரே மூச்சில் கையாளும் எண்ணுக்குத்தான் ‘சொல்’ என்று பெயர்), சொல்லுக்கு 40 பிட். கணக்குப் போட்டால் 5 கிலோபைட். வாட்ஸப்பில் காலையில் வந்து விழும் ஒரு ‘குட்மார்னிங்’ படம்கூட அதில் அடங்காது.

இன்றைய கணினிகளின் கட்டமைப்பு பெருமளவு அந்த இயந்திரத்தின் வழி வந்தது. அதனால் கணினி வரலாறு எழுத வருகிறவர்கள் அதன் கோப்புகளைத் தொட்டே ஆகவேண்டும். அறிக்கைகள் பலவற்றை வீட்டிலிருந்தே திரையில் படிக்கலாம். அப்படிப் படித்து எழுதப்பட்டவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழைகளைப் பற்றித்தான் இது.

முதல் பிழை வாசலிலேயே நடக்கிறது. ‘பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் கட்டிய கணினி’ என்று எழுதிவிடுகிறார்கள். உயராய்வுக் கழகம் வேறு, பல்கலைக்கழகம் வேறு. ஊர் ஒன்று, நிர்வாகம் இரண்டு. திட்டத்துக்குப் பல்கலைக்கழகமும் கைகொடுத்தது, கடைசிக் காலத்தில் இயந்திரத்தை நடத்தவும் செய்தது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கட்டியது கழகம். கோப்புகளும் கழகத்தின் ஷெல்பி வைட், லியோன் லெவி ஆவண மையத்தில்தான் இருக்கின்றன.

எல்லாம் அந்த ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைப்பது அடுத்த பிழை. வான் நியூமனின் சொந்தத் தாள்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. அவருக்கு வலக்கையாக இருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைனின் தாள்கள் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் இருக்கின்றன. இயந்திரம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இதற்கு முன்பே பென்சில்வேனியாவில் கட்டப்பட்ட எனியாக் என்ற கணினியின் காப்புரிமை வழக்குத் தாள்களின் பெருங்குவியல் மினசோட்டாவில் சார்ல்ஸ் பாபேஜ் நிறுவனத்தில் கிடக்கிறது. ஒரு கடிதப் போக்குவரத்தின் கேள்வி ஓர் ஊரிலும் பதில் இன்னோர் ஊரிலும் இருக்கலாம். பிரின்ஸ்டன் கோப்பில் பதில் இல்லை என்பதற்காக ‘அவர் பதிலே போடவில்லை’ என்று எழுதுவது அவசரம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோப்பில் இருப்பது பெரும்பாலும் கார்பன் நகல். கையெழுத்திட்ட மூலம் தபாலில் போய்விட்டது. தட்டச்சு செய்தார்கள் என்பதற்கு நகல் சாட்சி. அனுப்பினார்கள் என்பதற்குச் சாட்சி பெறுநரின் கோப்பில் கிடக்கும் மூலமோ, அவர் எழுதிய பதிலோதான்.

பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். இந்த இயந்திரத்துக்கு முறையாகச் சூட்டிய பெயர் எதுவும் கிடையாது. பேச்சுவழக்கில் ‘மேனியாக்’ என்றும் சொன்னார்கள். ஆனால் அதே மேனியாக் என்ற பெயரில் லாஸ் அலமோஸில் நிக்கலஸ் மெட்ரோபோலிஸ் குழு கட்டிய கணினி வேறொன்று, 1952இல் ஓடத் தொடங்கியது. பிரின்ஸ்டன் வடிவமைப்பைப் பார்த்துக் கட்டப்பட்ட உறவுக்காரக் கணினி அது. உறவு இன்னும் நிறைய: இல்லினாய்ஸில் இலியாக், ராண்ட் நிறுவனத்தில் ஜானியாக், ஸ்டாக்ஹோமில் பெஸ்க், இஸ்ரேலில் வைசாக், சிட்னியில் சிலியாக். அண்ணன் தம்பிகளின் சாயல் ஒன்றாக இருப்பதால், ஒன்றின் அளவுகளை இன்னொன்றின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். பிரின்ஸ்டன் இயந்திரம் வில்லியம்ஸ் குழாய்கள் என்ற கேதோடுக் கதிர்க் குழாய்களில் எண்களைச் சேமித்தது. ஆர்சிஏ என்ற மின்னணு நிறுவனத்தின் செலக்ட்ரான் குழாயைப் பயன்படுத்தியது ஜானியாக்.

இந்த செலக்ட்ரானில்தான் பலரும் மாட்டிக்கொள்வது. 1946 ஜூன் 28 தேதியிட்டு பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நியூமன் மூவர் பெயரிலும் ஓர் அறிக்கை வந்தது. மின்னணுக் கணிப்புக் கருவியின் தருக்க வடிவமைப்பு பற்றிய முதற்கட்ட விவாதம் அது. கணினித் துறையில் இவ்வளவு பேர் மேற்கோள் காட்டிய அறிக்கைகள் குறைவு. அதில் நினைவகத்தின் அளவு 4,096 சொற்கள். உடனே நம் ஆட்கள் ‘பிரின்ஸ்டன் கணினியின் நினைவகம் 4,096 சொற்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அறிக்கை எழுதப்பட்டபோது கணினியே இல்லை. ஒரே குழாயில் 4,096 பிட் கொள்ளும் செலக்ட்ரானை ஆர்சிஏ ஆய்வகம் செய்து தரும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. குழாய் வரவில்லை. காத்திருந்து அலுத்து, மான்செஸ்டரில் வில்லியம்ஸும் கில்பர்னும் கண்டறிந்த வழிக்கு மாறினார்கள். சாதாரண கேதோடுக் கதிர்க் குழாயின் திரையில் 32க்கு 32 புள்ளிகள், ஆக 1,024 பிட். அப்படி 40 குழாய்கள். நினைவகம் நான்கில் ஒன்றாகச் சுருங்கியது.

அறிக்கை பொய் சொல்லவில்லை. அது கட்டப்போவதைச் சொன்னது. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? பின்னால் வந்த இடைக்கால முன்னேற்ற அறிக்கைகளையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அவை போய்ச் சேர்ந்தது பணம் கொடுத்தவர்களிடம். ராணுவத் தளவாடத் துறை, கடற்படை ஆராய்ச்சி அலுவலகம், பிற்பாடு அணுசக்தி ஆணையம், விமானப்படை. பணம் தருகிறவருக்கு எழுதும் கடிதத்தில் ‘அநேகமாக முடிந்துவிட்டது’ என்ற தொனி எந்த நாட்டிலும் உண்டு. ஒரு பாகம் ‘சோதிக்கப்பட்டது’ என்றால் மேசைமேல் தனியாகவா, இயந்திரத்துக்குள் பொருத்திய பிறகா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆண்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இந்தக் கணினி ‘எப்போது பிறந்தது’ என்று கேட்டால், பலரும் 1952 என்பார்கள். திறப்புவிழா 1952 ஜூன் 10இல் நடந்தது. ஆனால் அதற்கு முந்தைய கோடையிலேயே, 1951இல், சுமார் 60 நாட்கள் இரவு பகலாக அது ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. ஹைட்ரஜன் குண்டுக்கான கணக்கு. ஆகவே ‘முதல் வேலை’ வேண்டுமா, ‘விழா’ வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டுதான் ஆண்டைப் போடவேண்டும். நம் நாட்டிலும் இதே கதைதான். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டிய டிஃப்ராக் கணினிக்கும் சொல் நீளம் 40 பிட். பிரின்ஸ்டன் சாயல் அதில் தெரியும். அதன் சிறிய முன்மாதிரி 1956, முழு இயந்திரம் 1960, டிஃப்ராக் என்ற பெயரே 1962இல்தான் வந்தது. ‘இந்தியாவில் கட்டிய முதல் கணினிகளில் ஒன்று’ என்று எழுதி இந்த மூன்றில் எதையாவது போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றுமே சரி, எதைச் சொல்கிறோம் என்று சொன்னால்.

ஹைட்ரஜன் குண்டு என்றவுடன் இன்னொரு எச்சரிக்கை. அந்தக் கணக்கு ரகசியம். வெளிப்படையான அறிக்கைகளில் அதன் பெயரைத் தேடினால் கிடைக்காது. காற்றுமண்டலம், விண்மீன்களின் உள்ளமைப்பு, எண் கோட்பாடு பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். பக்கங்களை எண்ணி ‘இந்தக் கணினி முக்கியமாக வானிலைக்காகக் கட்டப்பட்டது’ என்று முடிவுக்கு வருவது, வீட்டு வரவேற்பறையை மட்டும் பார்த்து அந்த வீட்டில் சமையலே கிடையாது என்பதைப் போல.

வானிலைக்கும் அதே கதி. ஜூல் சார்னி தலைமையிலான வானிலைக் குழு பிரின்ஸ்டனில்தான் இருந்தது. உலகின் முதல் கணினி வழி வானிலைக் கணிப்பு அந்தக் குழுவினுடையது. ஆகவே அது பிரின்ஸ்டன் கணினியில் நடந்தது என்று கோடு போட்டு இணைத்துவிடுகிறார்கள். நடந்தது 1950 வசந்தத்தில், மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீனில் இருந்த எனியாக் இயந்திரத்தில். தங்கள் இயந்திரம் தயாராகாததால் அங்கே போனார்கள். குழுவின் இருப்பிடமும் இயந்திரத்தின் இருப்பிடமும் ஒன்று என்று கொள்ளக்கூடாது. பிரின்ஸ்டன் இயந்திரத்தின் பேர்சொல்லும் வானிலைச் சாதனை பிற்பாடு வந்தது: நார்மன் ஃபிலிப்ஸ் 1956இல் வெளியிட்ட, பூமியின் பொதுக் காற்றோட்டத்தைக் கணக்கில் பிடித்துக் காட்டிய சோதனை.

தேடல் பெட்டியில் என்ன சொல்லைத் தட்டுகிறோம் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. 1940களில் ‘கம்ப்யூட்டர்’ என்றால் பல தாள்களில் கணக்குப் போடும் மனிதர், பெரும்பாலும் பெண். இயந்திரத்தைக் ‘கணிப்புக் கருவி’ என்பார்கள். நினைவகத்துக்கு ‘நினைவு உறுப்பு’, கட்டளைக்கு ‘ஆர்டர்’, நிரல் எழுதுவதற்கு ‘கோடிங்’. பிட் என்ற சொல்லே அச்சில் வந்தது 1948இல். அதற்கு முன்பெல்லாம் ‘இரும இலக்கம்’ என்ற நீட்டல்தான். பைட் 1956க்குப் பிறகு. இன்றைய சொல்லைத் தட்டிவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று திரும்புவதைவிட, ஒப்பந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போவது மேல். ராணுவத்துக்கான அறிக்கைகளின் முகப்பில் W-36-034-ORD-7481 என்ற எண் இருக்கும். தலைப்பு மாறலாம், ஆசிரியர் வரிசை மாறலாம், ஒப்பந்த எண் மாறாது.

ஆட்களைத் தேடும்போது பெண்களின் குடும்பப் பெயரை மறக்கக்கூடாது. எனியாக்கில் வேலை செய்த பெட்டி ஸ்னைடர் பிறகு ஹோல்பர்டன் ஆனார், ஜீன் ஜென்னிங்ஸ் பார்ட்டிக் ஆனார், கே மெக்நல்டி முதலில் மாக்லி, அப்புறம் அன்டொனெல்லி. ஒரே பெயரில் தேடினால் பாதி வாழ்க்கை கையை விட்டுப் போகும். பிரின்ஸ்டனில் நிரல் எழுதியவர்களில் கிளாரா வான் நியூமன் ஒருவர். ‘மனைவி’ என்ற அடைமொழிக்குள் அவர் காணாமல் போவது இன்றும் நடக்கிறது.

முகப்பில் இருக்கும் பெயரை அப்படியே நம்புவதும் ஆபத்து. அதற்கு மிகப்பெரிய உதாரணம் எனியாக்குக்கு அடுத்துக் கட்டத் திட்டமிட்ட எட்வாக் கணினி பற்றிய, 1945 ஜூன் 30 தேதியிட்ட முதல் வரைவு அறிக்கை. வான் நியூமன் பெயர் மட்டும் போட்டு கோல்ட்ஸ்டைன் அதைச் சுற்றுக்கு விட்டார். அதன் கருத்துகளுக்குப் பென்சில்வேனியாவில் எனியாக்கை வடிவமைத்த எக்கெர்ட், மாக்லி உள்ளிட்ட குழுவே பேசிப் பேசி உருக்கொடுத்திருந்தது. மனத்தாங்கல் அங்கேயே தொடங்கியது. ஆனால் காப்பக வாசகருக்கு அதைவிட முக்கியம் அந்த அறிக்கை யாரிடமெல்லாம் போனது என்ற பட்டியல். எனியாக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1947 ஜூன் 26. அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே விஷயம் வெளியாகிவிட்டது என்றால் காப்புரிமை செல்லாது. 1973 அக்டோபர் 19இல் மினியாபொலிஸில் நீதிபதி ஏர்ல் லார்சன் அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, காட்டிய காரணங்களில் இந்த வரைவு சுற்றுக்குப் போனதும் ஒன்று. தட்டச்சுத் தாளின் கடைசியில் இருக்கும் விநியோகப் பட்டியலை நாம் தள்ளிவிட்டுப் போகிறோம். வக்கீல்கள் அதைத்தான் முதலில் படித்தார்கள்.

அந்த வழக்கின் சாட்சியங்களும், 1970களில் எடுத்த நேர்காணல்களும் சுவையானவை, படிக்கவும் எளிது. சிக்கலும் அங்கேதான். கால் நூற்றாண்டு கழித்து, ‘முதலில் யார்’ என்ற சண்டை உச்சத்தில் இருந்தபோது பேசியவை அவை. நேர்காணல் ஒரு திசையைக் காட்டட்டும், தேதிக்கு அந்தக் காலத் தாளையே நம்புங்கள்.

எனக்கு மிகப் பிடித்தவை இயந்திரத்தின் பதிவேடுகள். இரவு வேலையில் இருந்தவர்கள் பென்சிலில் கிறுக்கி வைத்த குறிப்புகள். ஓர் எலி காற்றூதிக்குள் புகுந்து செத்ததை, பிறந்த நாள் தெரியாது, இறந்தது 1953 மே மாதம் அதிகாலை 4:50 என்று கல்லறை வாசகம்போல எழுதிவைத்திருக்கிறார்கள். கூரைத் தார் ஒழுகி ஐபிஎம் துளை அட்டைகளில் ஒட்டியதாக ஒரு புகார். இவற்றை எடுத்துப் போட்டால் எந்தக் கட்டுரையும் களைகட்டும். ஆனால் வேடிக்கை வரிகளை மட்டும் பொறுக்கினால் பதிவேட்டின் சங்கதி நழுவிவிடும். மற்ற வரிகள் என்ன சொல்கின்றன? ஒரே கணக்கை இருமுறை ஓட்டியது, இரண்டு விடையும் ஒத்துவராதது, மூன்றாம் முறை மூன்றாவது விடை வந்தது. 40 குழாய்களில் ஒன்று தடுமாறினாலும் சொல் முழுதும் கெட்டுப்போகும். தப்பு குழாயிலா, நிரலிலா? பொறியாளர் நிரலைச் சொல்வார், கணக்குக் கொண்டுவந்தவர் இயந்திரத்தைச் சொல்வார். செயற்கைப் பரிணாமச் சோதனைகள் நடத்திய நில்ஸ் பாரிசெல்லி 1953 மார்ச்சில் ஒருநாள், பிழை நிரலில்தான், இயந்திரத்தின் மேல் குற்றமில்லை என்று எழுதினார். அதற்கு முன் எத்தனை இரவுகள் குற்றம் இயந்திரத்தின் தலையில் விழுந்தது என்று தெரிந்தால்தான் அந்த வரிக்கு உயிர்.

பதிவேடுகளில் முழுப்பெயர் அரிது, முதலெழுத்துகள்தான். 1958 ஜூலை 15, நள்ளிரவு, இயந்திரம் நிறுத்தப்பட்டது என்ற பதிவுக்குக் கீழே இருப்பது JHB. தலைமைப் பொறியாளராகத் தொடங்கிய ஜூலியன் பிகலோ. 1951இலேயே அந்தப் பொறுப்பு ஜேம்ஸ் பொமரீனுக்குப் போய்விட்டது. இந்தத் தேதி தெரியாமல், கோப்பில் ‘தலைமைப் பொறியாளர்’ என்று வரும் இடத்திலெல்லாம் பிகலோவின் பெயரை நிரப்பிவிடாதீர்கள்.