பிள்ளை படிக்கும் ஐரோப்பாவுக்குப் போகும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் படிக்கும் மகனையோ மகளையோ பார்க்கக் கிளம்பும் பெற்றோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து முளைக்கின்றன. வேலையில் அமர்ந்து, வீடு பிடித்துக் குடித்தனம் நடத்தும் பிள்ளையிடம் போவது போலவே இந்தப் பயணத்தையும் திட்டமிடுகிறார்கள். மாணவருக்கோ வருமானம் இல்லை, அல்லது மிகக் குறைவு. இருப்பது ஓர் அறை. நேரம் பல்கலைக்கழகத்தின் கையில். விசா விண்ணப்பம் முதல் சமையல் வரை இந்த மூன்றும் குறுக்கே வந்து நிற்கும்.

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டே கீழே உள்ளவை எழுதப்பட்டுள்ளன. இவர்களுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா தேவை. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்புதான் ஷெங்கன் பகுதி. 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்தபின் ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருக்கின்றன. பிரிட்டன், அயர்லாந்து, சைப்ரஸ் மூன்றும் அதில் இல்லை. பிள்ளை டப்ளினில் படித்தால் அயர்லாந்து விசாதான் வேண்டும். ஷெங்கன் விசா உதவாது.

பிள்ளையே செலவை ஏற்பார் என்று எழுதிவிடுவது

மிக அதிகம் நடக்கும் தவறு இது. விண்ணப்பத்தில் பயணச் செலவை யார் ஏற்கிறார் என்ற கேள்விக்கு, அழைப்பவர் மகன்தானே என்று அவர் பெயரையே எழுதிவிடுகிறார்கள். ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மாணவர் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். அது அவருடைய வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காப்பீட்டுக்கும் கணக்கிட்டு வைத்த தொகை. அதிலேயே அப்பா, அம்மா இருவரையும் ஒரு மாதம் தாங்குவேன் என்று அவர் கடிதம் கொடுத்தால் விசா அதிகாரி நம்ப மாட்டார். வெளிநாட்டினர் அலுவலகம் வழங்கும் செலவுப் பொறுப்பு உறுதிமொழிக்கும் நிலையான வருமானம் காட்ட வேண்டும்; மாணவருக்கு அது கிடைப்பது கடினம்.

ஆகவே செலவு உங்களுடையது, அழைப்பு மட்டும் பிள்ளையுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதத்தில் உறவுமுறை, வரும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் முகவரி, செலவைப் பெற்றோரே ஏற்கிறார்கள் என்ற ஒரு வரி ஆகியவை இருக்கட்டும். கூடவே பிள்ளையின் கடவுச்சீட்டு நகல், வதிவிட அட்டையின் இருபக்க நகல், நடப்புப் பருவத்தின் சேர்க்கைச் சான்று, வாடகை ஒப்பந்தம். பயண நோக்கம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று எழுதிவிட்டு மகளின் கடிதத்தை இணைப்பதும் கேள்வியைக் கிளப்பும். குடும்பத்தினரைச் சந்திக்க என்றே எழுதுங்கள்.

பிரான்ஸில் நடைமுறை வேறு. பிள்ளையின் இருப்பிடத்தில் தங்குவதாக இருந்தால் அவர் தம் ஊர் நகராட்சியில் 30 யூரோ கட்டணத்துடன் விண்ணப்பித்து வரவேற்புச் சான்று வாங்கி, அதன் மூலத்தை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அறையின் பரப்பு போதுமா என்று நகராட்சி பார்க்கும். 12 சதுர மீட்டர் விடுதி அறையைக் காட்டி இருவருக்குச் சான்று கேட்டால் கிடைப்பது அரிது. சான்று இருந்தால் நாளொன்றுக்கு ஒருவருக்கு 32.50 யூரோ கையிருப்புக் காட்டினால் போதும். ஓட்டல் முன்பதிவு இருந்தால் 65, இரண்டும் இல்லாவிட்டால் 120 யூரோ. இத்தாலியில், பிள்ளை தம் அறையில் உங்களைத் தங்க வைத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வந்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிட்டால் அபராதம் பிள்ளையின் பெயரில் வரும்.

வங்கிக் கணக்கு விஷயத்தில் ஒன்று. விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு உறவினரிடம் கைமாற்று வாங்கிப் பெரிய தொகையைப் போட்டு வைப்பது உதவாது, கெடுக்கும். அதிகாரி கடைசி இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. சில மாதங்களின் வரவு செலவைப் பார்க்கிறார். ஓய்வூதியம் மாதாமாதம் விழும் சிறிய கணக்கு, திடீரென வீங்கிய கணக்கைவிட நம்பிக்கை தரும். நிலம் விற்றது, வைப்புத்தொகை முதிர்ந்தது என்று உண்மையான காரணம் இருந்தால் அந்த ஆவணத்தையும் இணையுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கான சான்றும் அதே அளவு முக்கியம்: வேலையில் இருப்பவருக்கு விடுப்புக் கடிதம், ஓய்வு பெற்றவருக்கு ஓய்வூதிய ஆணை, சொத்துப் பத்திரம், ஊரில் உங்களைச் சார்ந்திருப்பவர்கள் பற்றிய விவரம்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பிள்ளையின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் முதலெழுத்தோடு இருக்கும், அவருடைய கடவுச்சீட்டில் அதே பெயர் விரிந்திருக்கும், அம்மாவின் பெயர் ஒன்றில் ஓர் எழுத்து கூடி, மற்றொன்றில் குறைந்திருக்கும். குடும்பப் பெயர் என்ற பழக்கமே நமக்கு இல்லாததால் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பொதுவான பெயர் எதுவும் கடவுச்சீட்டில் தெரியாது. அதிகாரிக்கு அது மூன்று அந்நியர்களின் ஆவணம் போலத் தோன்றும். ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, பிறப்புச் சான்றின் ஆங்கில வடிவத்தோடு வைத்துவிடுங்கள். விமான டிக்கெட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.

விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்பது சாதாரண நிலை, 45 நாள் வரை நீளலாம். கோடைக்கு முன் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் மூன்று, நான்கு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்காது. நேரம் எளிதாகக் கிடைக்கிறது என்று வேறு நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பதும் தவறு. அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாடு மறுத்ததை இன்னொரு நாட்டிடம் மறைக்கவும் முடியாது. விசா தகவல் தொகுப்பு எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொது. பதிவு 5 ஆண்டு நிற்கும்.

விசா ஒட்டுவில்லையைத் தவறாகப் படிப்பது

விசா கிடைத்ததும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்கள். கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் அந்த ஒட்டுவில்லையில் மூன்று விவரங்களைத் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒன்று, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பது. இரண்டு, எத்தனை நாள் தங்கலாம். மூன்று, எத்தனை முறை நுழையலாம். மே 1 முதல் ஜூன் 14 வரை செல்லும் என்று இருந்து, தங்கும் நாள் 30 என்று இருந்தால், உங்களுக்கு இருப்பது 30 நாள்தான். மீதி 15 நாள் பயணத் தேதி தள்ளிப்போனால் சமாளிக்கத் தரும் இடைவெளி. ஜூன் 14 வரை இருக்கலாம் என்று எண்ணி மே 1 அன்றே இறங்கியவர், மே 31 முதல் அனுமதியின்றித் தங்கியவர் ஆகிவிடுகிறார். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாளாகவே கணக்கில் வரும். இரவு 11:40-க்கு இறங்கினாலும் அன்று ஒரு நாள் போய்விட்டது.

பலமுறை நுழையும் விசா உள்ளவர்களுக்கு, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஏப்ரல் 1 முதல் ஜூன் 29 வரை தங்கினால் சரியாக 90 நாள் முடிந்தது. ஒரு நாள் எல்லை தாண்டிப் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பது தவறான நம்பிக்கை. மறுபடி நுழைய செப்டம்பர் 28 ஆக வேண்டும். கடவுச்சீட்டு முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதியும் புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. இனி நாள் கணக்கைக் கணினியே போடும். பேசிச் சமாளிக்க இடமில்லை. போன இடத்தில் நீட்டித்துக்கொள்ளலாம் என்றும் நம்ப வேண்டாம். கடும் நோய் போன்ற நெருக்கடி தவிர நீட்டிப்பு கிடையாது.

ஒருமுறை நுழையும் விசாவில் பாரிஸிலிருந்து லண்டனுக்கு ரயிலில் போனால் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியதாகிவிடும். பிரிட்டன் விசா கையில் இருந்தாலும் திரும்பி வர வழியில்லை. விலை குறைவு என்று லண்டனில் விமானம் மாறும் டிக்கெட் எடுக்கும் முன்பும் பாருங்கள். ஷெங்கன் குறுகிய கால விசா பிரிட்டனின் டிரான்சிட் விசாவிலிருந்து விலக்குத் தராது.

தேர்வு நேரத்தில் போய் இறங்குவது

பெற்றோருக்கு வசதியான மாதம் பிள்ளைக்கு மிக மோசமான மாதமாக இருக்கலாம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவத் தேர்வுகள் பெரும்பாலும் பிப்ரவரியிலும், கோடைப் பருவத் தேர்வுகள் ஜூலை, ஆகஸ்டிலும் வரும். ஐரோப்பியக் கோடையை நினைத்து ஜூலைக்கு டிக்கெட் போட்டால் பிள்ளை பகலெல்லாம் நூலகத்தில் இருப்பார், நீங்கள் அறையில் உட்கார்ந்திருப்பீர்கள். தேதி குறிக்கும் முன் தேர்வு அட்டவணையையும், பகுதிநேர வேலை இருந்தால் அதன் பணிமுறையையும் கேளுங்கள். ‘எப்ப வேணும்னாலும் வாங்கம்மா’ என்று சொல்லும் பிள்ளையிடம்தான் இரண்டாம் முறை கேட்க வேண்டும். மறுத்துச் சொல்ல மனம் வராமல் அப்படிச் சொல்வார்கள். மே மாதமும் செப்டம்பரின் பிற்பாதியும் பெரும்பாலும் பொருந்தும். டிசம்பரில் போனால் பெர்லினில் மாலை 4 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மூட்டுவலி உள்ளவர்கள் குளிரையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றை அறையில் ஒரு மாதம்

விடுதி ஒப்பந்தங்களில் விருந்தினர் எத்தனை இரவு தங்கலாம் என்று வரம்பு இருக்கும். மீறினால் எச்சரிக்கை வருவதும் அறை போவதும் பிள்ளைக்குத்தான். சில விடுதிகளில் குறைந்த வாடகைக்கு விருந்தினர் அறையே உண்டு. இரண்டு மாதம் முன்பு கேட்டால் கிடைக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் சமையல் வசதியுள்ள சிறு வாடகை வீடு எடுப்பது நல்லது. விசாவுக்காக ஓட்டல் பதிவு காட்டிவிட்டுப் பிறகு ரத்து செய்து அறையில் ஒண்டுவது ஆபத்து. எல்லையில் முகவரி கேட்கும்போது பதில் மாறினால் நுழைவே மறுக்கப்படலாம்.

வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் தாளிப்புப் புகை அந்த அறைகளுக்கு ஒத்துவராது. கூரையில் புகை உணர்கருவி இருக்கும். எண்ணெய் காய்ந்து மிளகாய் கருகும் புகை அதற்குத் தீப்புகைதான். பல கட்டடங்களில் அது தீயணைப்புத் துறையோடு நேரடியாக இணைந்திருக்கும். வீண் அழைப்புக்கான செலவு மாணவர் தலையில் விழும். கருவியைத் துணியால் மூடுவது அதைவிடப் பெரிய குற்றம். ஜன்னலைத் திறந்து, அறைக் கதவைச் சாத்தி, பொதுச் சமையலறையில் புகைபோக்கியை ஓடவிட்டுக் குறைந்த சூட்டில் தாளியுங்கள்.

பெட்டியில் எடுத்துப் போகும் பொருளிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டு வரக் கூடாது. நெய், பனீர், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். பழம், காய், இலைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். கறிவேப்பிலைக் கொத்தும் மாம்பழமும் பறிபோவது இதனால்தான். அன்னாசி, தேங்காய், வாழை, பலாவைப் போல் முள்ளுள்ள துரியன், பேரீச்சை ஐந்துக்கு மட்டும் விலக்கு. பொடி வகைகள், பருப்பு, அப்பளம் சிக்கல் தராது. ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் அது திரவமாகவே கொள்ளப்படும்.

மருந்தும் காப்பீடும்

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதற்காக இருப்பதிலேயே மலிவானதை எடுத்துவிடுகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களை அத்தகைய திட்டங்கள் பலவும் விலக்கிவிடும். 60 வயதைத் தாண்டியவருக்கு ஆபத்தே அவற்றில்தான் இருக்கிறது. அந்த ஒரு பிரிவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பிள்ளையின் மாணவர் காப்பீடு பெற்றோரைச் சேர்க்காது.

மருந்துகளை முழு அட்டையாக, பெட்டியோடு, கைப்பையில் எடுங்கள். பாதியாக வெட்டிய அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் இருக்காது. மருத்துவர் சீட்டில் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் அளவும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சீட்டுக்கு அங்கே மருந்துக்கடையில் மருந்து தர மாட்டார்கள், எனவே தங்கும் நாளைவிடப் பத்து நாளுக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். குளோனசெபாம், டிரமடால் போன்ற கட்டுப்பாட்டு மருந்து சாப்பிடுபவர் அந்த நாட்டின் விதியை முன்கூட்டியே பார்க்க வேண்டும். அவசரத்துக்கு எண் 112, ஒன்றியம் முழுதும் ஒன்றே. ஜெர்மனியில் இரவுக் காய்ச்சல் போன்றவற்றுக்கு 116117. மருத்துவமனையில் சேரும் நிலை வந்தால் காப்பீட்டு உதவி எண்ணுக்கு உடனே தகவல் சொல்லுங்கள். பிறகு சொன்னால் பணம் திரும்புவது இழுபடும்.

ரயிலும் கடையும்

பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வழியாகக் கிடைக்கும் பருவப் பயணச்சீட்டு அவருக்கு மட்டும்தான். ஜெர்மனியில் உங்களுக்கென, நாடு முழுதும் உள்ளூர், வட்டாரப் போக்குவரத்தில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்தால் அது மாதாமாதம் தானே புதுப்பிக்கும் சந்தா. மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் பணம் போகும். அதிவேக ஐ.சி.இ. ரயிலில் அது செல்லாது. இத்தாலியில் உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் இயந்திரத்தில் பதிக்க வேண்டும்.

ஊருக்கு வாங்கும் பொருளுக்குப் பிள்ளையின் பெயரில் ரசீது போடாதீர்கள். ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவருக்குத்தான் மதிப்புக்கூட்டு வரி திரும்பக் கிடைக்கும், அங்கே வதியும் மாணவருக்குக் கிடையாது. உங்கள் கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்குங்கள். ஜெர்மனியில் ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேலும், பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேலும் வாங்கியிருக்க வேண்டும். விமான நிலையத்தில் அந்தப் பொருள் உள்ள பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டி உள்ளே போய்விட்டால் படிவம் வெறும் காகிதம்தான்.