சமையல்கட்டைப் புதுப்பிக்கும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரை ஓரமாக அம்மாவின் வீடு. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர், சிவப்பு ஆக்சைடு தரை, சமையல்கட்டில் ஒரு மேடை, தலைக்கு மேல் பரண், மூலையில் அங்கணம். அதை முதல் தடவை மாற்றியபோது ஒரு கடையில் ரெடிமேட் அலமாரிகளைச் சொல்லிப் பொருத்தினோம், பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் சிங்க்குக்குக் கீழே இருந்த கதவு திறக்கவில்லை. இழுத்துத் திறந்து அடிப்பலகையில் விரலை வைத்தால், பாலில் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போகிறது. பின்னால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, அதன் மேல் நூல் கனத்தில் ஒரு கரையான் தடம்.

அப்போது வந்த கொத்தனார் சொன்னார்: "தம்பி, மரத்தை எத்தனை தடவ மாத்துனாலும் இந்தச் சுவரு தண்ணி குடிச்சிக்கிட்டேதான் இருக்கும்." நம் பக்கத்துப் பழைய வீடு எதற்கும் இதுதான் முதல் பாடம். டெல்டா மண் களிமண், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காலச் சுவர்களில் பெரும்பாலும் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது, அதனால் தரைக்கடியில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. ஆகவே அலமாரியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேனும் ஒரு ஜன்னலுமே போதும்.

சுவரில்தான் ஓதம் என்று தெரிந்தால் அதன் மேல் சிமெண்ட் பூசி மூட வேண்டாம். ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி வேறு இடத்தில் உப்பாகப் பூக்கும். நாங்கள் மூன்றரை அடி உயரத்துக்குப் பழைய பூச்சைச் சுரண்டி, மாசி வெயிலில் ஜன்னல் கதவெல்லாம் திறந்து போட்டுக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்புப் பூச்சே பூசினோம், அது மூச்சுவிடும் பூச்சு. அப்புறம் சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒரு துளை போட்டுக் கரையான் மருந்து. இந்த வேலைக்கெல்லாம் சம்பா அறுவடை முடிந்த பிறகு, மாசி பங்குனிதான் சரியான காலம். மழைக்காலத்தில் ஆரம்பித்தால் எதுவும் காயாது.

அடுத்தது அலமாரி. இதில் என் கருத்து உறுதியானது: சட்டம் கல்லாக இருக்கட்டும், கதவு மட்டும் உங்கள் இஷ்டம். இரண்டரை அடிக்கு ஒன்றாகக் கடப்பா கல்லை நிறுத்தி, குறுக்கே தட்டுகளும் கடப்பாவிலேயே வைத்து, முன்னால் மட்டும் கதவு போட்டுவிட்டால் கரையானுக்கு உள்ளே வேலையில்லை, தண்ணீர் சிந்தினாலும் கவலையில்லை. கதவுக்கு மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் வேண்டாம், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள், வெட்டிய விளிம்பு எல்லாவற்றையும் பட்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள், ஈரம் முதலில் ஏறுவது அந்த விளிம்பில்தான். நாகப்பட்டினம், தரங்கம்பாடி மாதிரி கடலோர ஊர் என்றால் கீல், கூடை எல்லாம் 304 ரக ஸ்டீலில் கேளுங்கள், உப்புக் காற்று மற்றதை விட்டுவைக்காது.

ஆனால் மேடையின் மேல்தளத்துக்குக் கடப்பா வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் வகை, புளித்தண்ணியோ எலுமிச்சைச் சாறோ பட்டால் வெளுத்த தடம் விழும். தினமும் புளி கரைக்கிற வீட்டில் மேலே கிரானைட்தான்.

மேடை உயரத்தைக் கொத்தனார் வழக்கமாகப் போடுகிற அளவுக்கு விட்டுவிடாதீர்கள். சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கட்டும், தரையிலிருந்து முழங்கை வரை அளந்து நாலைந்து அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஐந்தடி உயரம், அவருக்கு 32 அங்குலம் வந்தது. அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் மூன்று அங்குலம் தாழ்த்தினோம், ஏனென்றால் அடுப்பும் அதன் மேல் வெண்கலப் பானையும் சேர்ந்தால் கிளறும் கை தோளுக்கு ஏறிவிடுகிறது. தோள்வலி குறைந்ததாக அம்மா சொன்னது இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பெரிய சந்தோஷம்.

தட்டுகளின் இடைவெளியை முடிவு செய்ய ஒரு நாள் ஒதுக்குங்கள். பரணில் இருப்பது உட்பட எல்லாச் சாமானையும் இறக்கித் தாழ்வாரத்தில் பரப்புங்கள், பக்கத்தில் அம்மாவையோ அத்தையையோ உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் எடுத்து "இது தினமும் வேணுமா, வாரத்துக்கு ஒரு தடவையா, பொங்கலுக்கு மட்டுமா" என்று கேளுங்கள். தினசரிச் சாமான் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் வர வேண்டும். பொங்கல் பானை, சீர்ப் பாத்திரம், பெரிய அண்டா எல்லாம் பரணுக்கு. பிறகு டேப்பை எடுத்து இட்லிப் பானை, கிரைண்டர், 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றையும் அளந்து, அந்த உயரத்தோடு இரண்டு அங்குலம் சேர்த்துத் தட்டு வையுங்கள். அரிசிக்கு நாலு அங்குல உயரத்தில் ஒரு கல் திட்டு அவசியம், தரையோடு வைத்தால் மூட்டை ஈரம் வாங்கும். ஈயச்சொம்புக்கு அடுப்பிலிருந்து எட்டி ஒரு மாடம் கொடுத்தோம். ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும், அவசரத்தில் கை அதன்மேல் போகக் கூடாது.

இழுப்பறைகள் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று போதும், கரண்டிக்கு ஒன்று, அஞ்சறைப்பெட்டிக்கும் பொடி டப்பாக்களுக்கும் ஒன்று. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கொல்லைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தலாம், தூக்கிப் போட வேண்டாம். அங்கணத்தையும் இடிக்காதீர்கள். பித்தளை தேய்க்க அதைவிடத் தோதான இடம் எந்த சிங்க்கிலும் கிடைக்காது. வாய்க்கால் துளைக்கு ஸ்டீல் வலை மட்டும் போட்டால் எலி வராது.

கேஸ் சிலிண்டரைக் கதவுபோட்ட அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், அதனால் கீழ்மட்டத்தில் வெளியே போக ஒரு காற்றுத் துளை வேண்டும். மின்சாரத்தில் மிக்ஸி, கிரைண்டருக்குத் தனித்தனி பாயிண்ட், இண்டக்‌ஷன் அடுப்புக்கு 16 ஆம்பியர், முழு வீட்டுக்கும் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

அழகைப் பொறுத்தவரை பழைய தரையைத் தொடாதீர்கள். சிவப்பு ஆக்சைடு தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மறுபடி கண்ணாடியாகும், அதற்கு ஏற்றாற்போல் கீழ் அலமாரிக் கதவுகள் பாட்டில் பச்சை, மேலே யானைத்தந்த நிறம் என்று வைத்தோம், அருமையாகப் பொருந்தியது. ஆத்தங்குடிக் கல் ஆசை இருந்தால் வேறு சுவரில் பதியுங்கள், அடுப்புக்குப் பின்னால் வேண்டாம், எண்ணெயைக் குடித்துவிடும். அங்கே பெரிய விட்ரிஃபைட் டைல்ஸ், டைல்ஸ் இடுக்கை நிரப்ப எபாக்ஸிப் பசை. விளக்கு அறை நடுவில் மட்டும் இருந்தால் காய் நறுக்கும்போது நம் நிழலே பலகையில் விழும், மேல் தட்டின் அடியில் ஓர் எல்.இ.டி. பட்டை போடுங்கள்.

வேலை வரிசை இப்படி: இடிப்பு, குழாய், ஒயரிங், பூச்சு, கடப்பா, கிரானைட், டைல்ஸ், கடைசியில் கதவு. கொத்தனாருக்குக் கடைசிக் கூலி கொடுக்கும் முன் மேடை மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது சிங்க் பக்கம் ஓட வேண்டும், சுவரோரம் தேங்கினால் அன்றைக்கே கல்லைத் தூக்கிச் சரிவு பார்த்து மறுபடி பதிக்கச் சொல்லிவிடுங்கள்.