ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டரை வீட்டில் கழற்றும்போது நடக்கும் தவறுகள்

பல மாதம் ஓரமாக நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை உதைத்தால் கிளம்பிவிடும். சோக்கை எடுத்ததும் அணைந்துபோகும். ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால்தான் உயிரோடு இருக்கும். 1985-இல் வந்து 1996-இல் தயாரிப்பு நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டி. அதன் மிக்குனி (ஜப்பான் கம்பெனி) கார்புரேட்டரை வீட்டு வாசலில் உட்கார்ந்தே பிரித்துச் சேர்க்கலாம், அவ்வளவு எளிமையானது. கெடுப்பதும் அதே அளவு எளிது.

கார்புரேட்டர் ஓர் அளவுக் கருவி. இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிப்பவை ஜெட்டுகள் எனும் சின்னப் பித்தளைத் திருகுகளின் துளை, ஸ்லைடில் (ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே எழும் துண்டு) தொங்கும் ஊசியின் உயரம், பவுலில் (அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) உள்ள மிதவையின் மட்டம். அழுக்கை எடுக்க வேண்டும், அளவைத் தொடக்கூடாது. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

முதல் தவறு, கழற்றத் தேவையே இல்லாதபோது கழற்றுவது. ப்ளக்கில் நல்ல ஸ்பார்க் வருகிறதா, டேங்க் டேப்பிலிருந்து பெட்ரோல் தடையில்லாமல் இறங்குகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள இணைப்பில் வெடிப்போ காற்றுக் கசிவோ உண்டா என்று பாருங்கள். அங்கே காற்று புகுந்தால் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் ஸ்லோ (ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிலைக்காது.

கழற்றுவது என்று முடிவெடுத்தால் இடம் வாசலோ மொட்டை மாடியோதான். சமையலறைக்குப் பக்கத்திலும் விளக்கு எரியும் அறையிலும் பெட்ரோலைத் திறக்காதீர்கள். ஆவி தரையோடு ஊர்ந்து போகும்.

அடுத்து ஸ்குரூக்கள். ஜப்பான் வண்டிகளின் ஸ்டார் ஸ்குரூ தலை ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில்தரம்) வகை. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் முழுசாக உட்காராமல் வழுக்கும். இரண்டு வழுக்கலில் தலை மழுங்கிவிடும். ஜேஐஎஸ் திருப்புளி கிடைத்தால் வாங்கிவையுங்கள். கிடைக்காவிட்டால் பொருந்துகிற முனையை வைத்து, பின்னால் ஒரு தட்டுத் தட்டி, அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள்.

ஸ்லோவில் போகும் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்குரூவை வெளியே எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அதை மெதுவாக உள்ளே திருகி, உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். உட்கார்ந்த பிறகும் இறுக்கினால் முனை போய் அதன் இருக்கையில் தழும்பு விழும். ஊசியின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பதையும் ஃபோனில் படம் எடுத்துவையுங்கள். ஞாபகத்தில் இருக்கும் என்று நம்பியவர்கள்தான் பிறகு நாள்கணக்கில் டியூனிங் செய்துகொண்டிருப்பார்கள்.

இப்போது பைலட் ஜெட். வீட்டு வேலையில் அதிகம் பாழாவது இந்தச் சின்னப் பித்தளைத் துண்டுதான். இதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. ஸ்லோவில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் முழுக்க இந்த வழியாகத்தான் போகிறது. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினானால் முதலில் அடைபடுவதும் இதுதான். நான் முதல் தடவை சேஃப்டி பின்னை வைத்துக் குத்தினேன். அடைப்பு போனது, வண்டியும் உடனே கிளம்பியது. ஆனால் அதன்பிறகு ஸ்லோவில் புகை அதிகம், ப்ளக் கறுத்துக்கொண்டே இருந்தது. ஜெட்டை வெயிலில் தூக்கிப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சப் புள்ளி ஒரு பக்கம் இழுபட்டு முட்டை வடிவில் இருந்தது. பித்தளை மென்மையானது, எஃகு ஊசி அதைச் செதுக்கிவிடும். ஜெட்டை கார்புரேட்டர் கிளீனரில் ஓர் இரவு ஊறவிட்டு, மெல்லிய நைலான் தூண்டில் நரம்பை நுழைத்து எடுங்கள். அப்புறம் வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். புள்ளி சுத்த வட்டமாகத் தெரிந்தால் போதும்.

ஜெட் சுத்தமானதோடு வேலை முடியவில்லை. கார்புரேட்டரின் உடம்புக்குள் ஓடும் வழிகளும் திறந்திருக்க வேண்டும். ஏர் ஸ்குரூ துளையில் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்தால் ஸ்லைடு உட்காரும் குழாயின் அடியில், இன்ஜின் பக்கத்துப் பொடித்துளைகளில் பீச்ச வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், நேராகக் கண்ணுக்குத்தான் வரும். ஸ்ப்ரேயோ காற்றோ அடிக்கும் முன் மிதவை, ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் கழற்றியிருக்க வேண்டும். கம்ப்ரெஸர் காற்று மிதவையை நசுக்கும். கிளீனர் ரப்பரை ஊதவைக்கும். பித்தளை விளக்கு பளபளக்கிறதே என்று உடம்பைப் புளித்தண்ணீரில் போடுபவர்களும் உண்டு. கார்புரேட்டர் வார்ப்பைப் புளிப்பு அரித்துவிடும், செய்யாதீர்கள்.

ரிப்பேர் கிட் விஷயத்தில் நான் பிடிவாதமானவன். மலிவான கிட்டில் கேஸ்கட், வளையங்கள், ஜெட்டுகள், ஊசி எல்லாமே இருக்கும். புதுசு என்பதாலேயே எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, முப்பது வருடம் சரியாக அளந்த பழைய ஜெட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். மேலே அதே எண் பொறித்திருந்தாலும் மலிவு ஜெட்டின் துளை அதே அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. அசல் மிக்குனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு சின்ன முத்திரை இருக்கும். அது இருந்து, துளையும் கெடாமல் இருந்தால் அதையே மாட்டுங்கள். கிட்டிலிருந்து ரப்பரும் கேஸ்கட்டும் போதும். பவுல் கேஸ்கட்டுக்குப் பதில் சிலிக்கான் பேஸ்ட் தடவுவது கூடவே கூடாது. பெட்ரோலில் நூல்நூலாகக் கழன்று ஜெட்டுக்குள் போய் உட்காரும்.

மிதவை அழுத்தி மூடும் நீடில் வால்வின் நுனியில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மிதவை மட்டத்தை அளக்கும்போது பலர் கார்புரேட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். மிதவையின் எடை வால்வில் உள்ள ஸ்பிரிங் முனையை அமுக்கிவிடும், அளவு தப்பாக வரும். சாய்த்துப் பிடித்து, மிதவையின் தகடு அந்த முனையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது பலத்தைக் காட்டாதீர்கள். ஜெட்டை விரலால் உட்காரவைத்து, பிறகு கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினால் போதும்.

ஸ்லைடு விஷயத்தில் அலட்சியம் ஆபத்து. அதன் அடியில் ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஸ்லைடு முழுசாக இறங்காது, உதைத்த உடனே இன்ஜின் உச்சத்துக்கு அலறும். உதைக்கும் முன் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள்: ‘டக்’ என்ற சத்தத்தோடு ஸ்லைடு கீழே விழ வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் இதைச் செய்யுங்கள். ராஜ்தூத் 350 போல இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டியானால் இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழும்புகின்றனவா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜினுக்கு ஆயில் ஊட்டும் பம்பின் கேபிள் குறியும் ஸ்லைடின் நிலையோடு பொருந்த வேண்டும்.

டியூனிங்கைக் குளிர்ந்த இன்ஜினில் செய்யாதீர்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, எழுதிவைத்த சுற்றிலிருந்து தொடங்குங்கள். இந்த கார்புரேட்டரில் ஏர் ஸ்குரூவை வெளியே திருகினால் காற்று கூடும், கலவை மெலியும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் ஸ்குரூ வைத்த பல ஃபோர் ஸ்ட்ரோக் கார்புரேட்டர்களில் இது நேர்மாறு. அந்தப் பழக்கத்தில் இதைத் திருகினால் கலவை மெலிந்து, டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். 2023-இலிருந்து வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் கலவையைக் கொஞ்சம் மெலிதாக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் கால் சுற்று உள்ளே வைப்பதே நல்லது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் பவுலைக் காலி செய்துவிடுங்கள்.

இரண்டு வாரம் ஓட்டிய பிறகு பவுலில் உள்ள பெட்ரோலை ஒரு கண்ணாடி டம்ளரில் இறக்கி, ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் செந்தூளாகப் படிந்தால் அது டேங்கின் துரு. அடுத்து கழுவ வேண்டியது டேங்க்.